ஆடுற வண்டியும் பன்னெண்டு ஹெர்ட்ஸும்

வண்டி ஆடுதுன்னு சொன்னா, மெக்கானிக் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி "எப்படி ஆடுது?" அப்படிங்கறதுதான். நான் போன மூணு கடையிலயும் யாரும் அதைக் கேட்கலை. "ஆடுதா? சரி, சாவியக் குடுத்துட்டுப் போங்க"ன்னுட்டாங்க. நம்ம பொட்டி தட்டுற தொழில்ல "அப்ளிகேஷன் ஸ்லோவா இருக்கு"ன்னு ஒருத்தர் டிக்கெட் போட்டா, எந்தப் பக்கம், எந்த நேரம், எத்தனை பேர் இருக்கும்போதுன்னு நாலு கேள்வியாவது திருப்பிக் கேப்போம். வண்டிக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது போல.

வண்டி 2007 மாடல் பிக்அப். கம்பெனி பேரு வேண்டாம், ஏன்னா இந்தக் கதையில கம்பெனி மேல தப்பே இல்லை. ஆஸ்டின்ல 2021ல வாங்கினேன். அப்பவே ஒரு லட்சத்து நாப்பதாயிரம் மைல் தாண்டியிருந்துச்சு. பொறியாளன் எதுக்குடா லாரி வாங்குறான்னு தங்கமணி கேட்டாங்க. மரம் வாங்கி அலமாரி செய்யப் போறேன்னு சொன்னேன். ரெண்டு அலமாரி செஞ்சேன். மத்தபடி ஊர்ல இருக்குற அத்தனை தமிழ் நண்பர்களோட சோஃபாவும் இந்த வண்டியிலதான் வீடு மாறியிருக்கு. பிக்அப் வச்சிருக்கறவனுக்கு டெக்சாஸ்ல நட்பு வட்டம் தானா பெருகும் :)

ஆட்டம் ஆரம்பிச்சது 2022 கோடையில. ஐ-35ல அறுபது மைல் தாண்டினதும் ஸ்டியரிங் லேசா உதறும். அறுபத்தஞ்சுல உதறல் உடம்பு பூரா வரும். எழுபதுல சத்தம் போட்டுப் பேசணும். வண்டிக்குள்ள டம்ளர் வச்சா தண்ணில வட்டம் வட்டமா அலை.

முதல் கடை: நாலு சக்கரத்தையும் கழட்டி பேலன்சிங் பண்ணி, ஈயக்கட்டி ஒட்டி அனுப்பினாங்க. நூறு டாலர். ஒரு வித்தியாசமும் இல்லை. ரெண்டாவது கடை: அலைன்மென்ட், முன்பக்க ஷாக் அப்சார்பர் ரெண்டு, 640 டாலர். இதுல ஒரு விஷயம் சொல்லணும். அலைன்மென்ட் கெட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், டயர் ஓரத்துல தேயும். அதுவா போய் வண்டியை உதற வைக்காது. உதறலுக்கு அலைன்மென்ட் பண்றது தலைவலிக்குச் செருப்பு மாத்தற மாதிரி. ஆனா எல்லாக் கடையிலயும் அதான் முதல்ல விக்குது. மூணாவது கடைக்காரர் (2023 ஜனவரி) நல்ல மனுஷன், காசு வாங்கலை. டயர்களை முன்னுக்குப் பின்னா மாத்திப் போட்டுட்டு, ஓட்டிப் பார்த்துட்டு, "பிக்அப்னா இப்படித்தான் சார் இருக்கும்"னு வேதாந்தம் சொல்லி அனுப்பி வச்சார்.

அவர் போனதுக்கு அப்புறம் ஒண்ணு மட்டும் மாறியிருந்தது. ஸ்டியரிங் உதறல் நின்னு போச்சு. சீட் ஆட ஆரம்பிச்சது. அதைத் தேதி போட்டு எழுதி வச்சேன். பின்னாடி உதவுச்சு.

அதுக்குள்ள வீட்டுல முடிவு பண்ணியாச்சு, வண்டியை வித்துடலாம்னு. அப்பா அம்மா ஊர்ல இருந்து மார்ச் மாசம் வந்திருந்தாங்க. அம்மா ஒரே ஒரு தடவை ஏறினவங்க, "இதுல இனிமே நான் வரல"ன்னு காருக்கு மாறிட்டாங்க. விளம்பரம் போட்ட மூணாம் நாளே ஒரு இளம் தம்பதி வந்தாங்க. அவருக்கு எல் பாசோவுல வேலை கிடைச்சிருக்கு, வீட்டுச் சாமானை ஏத்திக்கிட்டு அப்படியே ஓட்டிட்டுப் போகணும். ஆஸ்டின்ல இருந்து எல் பாசோ 570, 580 மைல். பாதி தூரம் பாலைவனம், ஐ-10ல எண்பது மைல் வேக வரம்பு. கையில ஆறு மாசக் குழந்தை. அவர் எங்க தெருவுல முப்பத்தஞ்சு மைல்ல ஒரு சுத்து சுத்திட்டு வந்து, "சூப்பர், 6500 டாலர், அடுத்த சனிக்கிழமை கேஷா குடுத்துடறேன்"னார்.

அந்த முப்பத்தஞ்சு மைல்ல ஒண்ணும் தெரியாது. அதான் பிரச்சனை.

நான் அவர்கிட்ட, "ஹைவேல ஆடுது, என்னன்னு பார்த்துட்டுத்தான் குடுப்பேன், ரெண்டு வாரம் டைம் குடுங்க"ன்னேன். அவருக்கு முகம் வாடிப் போச்சு, மே கடைசிக்குள்ள போகணுமாம். ராத்திரி தங்கமணி கேட்டாங்க: "ஆடுதுன்னு சொல்லிட்டீங்கல்ல, அப்புறம் என்ன? வேணும்னா வாங்கட்டும், வேண்டாம்னா விடட்டும்." சட்டப்படி அது சரி. இங்க தனி ஆள் தனி ஆளுக்குப் பழைய வண்டி விக்கிறது "இருக்கிறபடி" கணக்குதான். ஆனா ஆடுதுன்னு மட்டும் சொல்றதுல பாதி உண்மைதான் இருக்கு. ஏன் ஆடுதுன்னு தெரிஞ்சாத்தானே அது வெறும் எரிச்சலா, இல்ல எண்பது மைல்ல உயிர் போற விஷயமான்னு சொல்ல முடியும்? அந்தக் குழந்தையோட சீட்டைப் பின்னாடி மாட்ட இடம் இருக்கான்னு அந்தப் பொண்ணு டேப் வச்சு அளந்துட்டுப் போனது வேற கண்ணுக்குள்ளயே நின்னுச்சு.

சரி, நாமளே பாத்துடுவோம்னு இறங்கினேன்.

காசு செலவில்லாத சோதனை மூணு இருக்கு. ஒண்ணு, அறுபத்தஞ்சுல போகும்போது கியரை நியூட்ரல்ல தள்ளி காலை எடுக்கறது. இன்ஜின் வேகம் சடார்னு இறங்கிடும், வண்டி வேகம் அப்படியே இருக்கும். ஆட்டம் நின்னா இன்ஜின் பக்கம், நிக்கலைன்னா சக்கரம், ஷாஃப்ட் பக்கம். எனக்கு நிக்கலை. ரெண்டாவது, பிரேக் போடும்போது மட்டும் ஆடுதான்னு பாக்கறது. அப்படின்னா பிரேக் டிஸ்க் சீரில்லாம தேஞ்சிருக்கும். எனக்கு பிரேக்குக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. மூணாவது, ஆட்டம் எங்க தெரியுது? ஸ்டியரிங்ல தெரிஞ்சா முன்பக்கம், சீட்லயும் தரையிலயும் தெரிஞ்சா பின்பக்கம். இது கட்டை விரல் கணக்குதான், எப்பவும் சரியா வரும்னு இல்ல. ஆனா எனக்கு டயரை முன்னுக்குப் பின் மாத்தினதும் ஆட்டம் கையில இருந்து முதுகுக்குப் போச்சுல்ல? அப்ப குற்றவாளி டயரோட சேர்ந்து இடம் மாறியிருக்கான்.

இதோட நிறுத்தி நாலு டயர் வாங்கிப் போட்டுட்டுப் போயிருக்கலாம். ஆனா டயர்தான்னா, பேலன்சிங் பண்ணினப்ப ஏன் சரியாகலை? பேலன்சிங் லேசுப்பட்ட விஷயம் இல்லை. டயரோட வெளி விளிம்புல 28 கிராம் எடை கூடுதலா இருக்குன்னு வைங்க. அறுபத்தஞ்சு மைல் வேகத்துல அது ஏறக்குறைய ஆறு கிலோ எடையா மாறி சக்கரத்தை இழுக்கும், ஒரு விநாடிக்குப் பன்னெண்டு தடவை. வேகம் ரெண்டு மடங்கானா இழுப்பு நாலு மடங்கு. அதனாலதான் தெருவுல தூங்குற வண்டி ஹைவேல சாமியாடுது.

இங்கதான் கொஞ்சம் கணக்கு. போரடிச்சா அடுத்த பத்தி தாண்டிடுங்க.

என் டயர் 265/70, 17 அங்குல ரிம். ஒரு மைலுக்குச் சுமாரா 655 சுத்து. அறுபத்தஞ்சு மைல் வேகத்துல நிமிஷத்துக்கு 710 சுத்து, விநாடிக்கு 11.8. அதாவது டயர் பிரச்சனைன்னா ஆட்டம் 12 ஹெர்ட்ஸ்கிட்ட இருக்கணும். பின் ஆக்சில் விகிதம் 3.73, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் 3.73 சுத்து சுத்தணும். அப்ப ஷாஃப்ட் 44 ஹெர்ட்ஸ். ஷாஃப்ட்ல இருக்கற கிராஸ் ஜாயிண்ட்ல கோளாறுன்னா ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை அதிரும், அப்ப 88. இன்ஜின் அந்த வேகத்துல 1900 ஆர்பிஎம், 32 ஹெர்ட்ஸ். பாருங்க, எல்லாரும் தனித்தனி எண்ல உக்காந்திருக்காங்க. எந்த எண்ல ஆடுதுன்னு தெரிஞ்சாப் போதும், ஆளைப் பிடிச்சுடலாம்.

ஆட்டத்தை அளக்கக் கருவி எல்லார் பையிலயும் இருக்கு. செல்ஃபோன்ல இருக்கற ஆக்சிலரோமீட்டர்தான். இலவச ஆப் ஒண்ணைப் போட்டு, சீட் அடியில இருக்கற இரும்புத் தண்டவாளத்துல ஃபோனை டேப் போட்டு ஒட்டினேன் (சீட் மேல வைக்கக் கூடாது, பஞ்சு பாதியைத் தின்னுடும்). ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணிக்கு 130 நெடுஞ்சாலை. இந்த ரோட்டோட தெற்குப் பகுதி 2012ல திறந்தது, வேக வரம்பு 85 மைல், அமெரிக்காவிலேயே இதான் அதிகம். சுங்கம் குடுக்கணும்கறதால காலியா கிடக்கும், ஐ-35 மாதிரி லாரிக்கூட்டம் கிடையாது. வலது ஓரமா பிடிச்சு 55, 60, 65, 70ன்னு ஒவ்வொரு வேகத்துலயும் ரெண்டு நிமிஷம்.

அப்பா பக்கத்து சீட்ல. அவர் கூட வரேன்னு சொன்னது வேடிக்கை பாக்க இல்ல. திருநெல்வேலிப் பக்கம் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். வண்டியில ஏறினதும் செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, வெறுங்காலைத் தரையில பதிச்சு உக்காந்தார். அறுபத்தஞ்சு வந்ததும் கண்ணை மூடிக்கிட்டார். நான் தூங்குறாரோன்னு நெனச்சேன்.

அஞ்சு நிமிஷம் கழிச்சு, "ஏல, இது ஒரு வியாதி இல்ல. ரெண்டு"ன்னார்.

"எப்படிப்பா?"

"ஒண்ணு மாட்டு வண்டி மாதிரி இடுப்பைப் போட்டு ஆட்டுது. இன்னொண்ணு கால்ல எறும்பு ஊருன மாதிரி ஓடுதுல்லா. சக்கரம் ஆடுனா இடுப்புக்குத் தெரியும். ஷாஃப்ட் ஆடுனா உள்ளங்காலுக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்து ஃபோன்ல இருந்த டேட்டாவை லேப்டாப்ல ஏத்தி ஃபூரியர் போட்டேன். அறுபத்தஞ்சு மைலுக்கு ஒரே ஒரு முகடு, கொடிக்கம்பம் மாதிரி, 12 ஹெர்ட்ஸ்ல. டயர். வேற எதுவும் இல்லை. அப்பா சொன்ன எறும்பைக் காணோம்.

ஆனா அந்த ஆப் விநாடிக்கு 100 தடவைதான் அளவு எடுக்குது. நூறு தடவை அளந்தா 50 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஒழுங்காத் தெரியும்ங்கறது கல்லூரியில மூணாவது செமஸ்டர்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க. அதுக்கு மேல இருக்கறது காணாமப் போகாது, மடிஞ்சு கீழ வந்து உக்காரும். சினிமாவுல குதிரை வண்டிச் சக்கரம் பின்னால சுத்தற மாதிரி தெரியும் பாருங்க, அதே மாயம்தான். ஃபோன்ல இதைத் தடுக்க ஒரு வடிகட்டி இருக்கும், முழுசா தடுக்காது. சரி, 88 ஹெர்ட்ஸ் மடிஞ்சா எங்க வந்து விழும்? நூறுல இருந்து 88 கழிச்சா பன்னெண்டு!

அதாவது டயர் உக்கார வேண்டிய அதே நாற்காலியில, அதே அறுபத்தஞ்சு மைல்ல, ஷாஃப்ட்டும் வந்து உக்காரும். அந்தக் கொடிக்கம்பத்துக்குக் கீழ ஒருத்தன் இருக்கானா ரெண்டு பேரான்னு அந்த ஒரு படத்தை வச்சுச் சொல்லவே முடியாது.

பிரிக்க வழி சுலபம். வேகத்தை மாத்தணும். அறுபது மைலுக்கு வந்தா டயர் 12ல இருந்து 11க்கு இறங்கும். ஷாஃப்ட்டோட 88, 81.5 ஆகும், நூறுல கழிச்சா 18.5. அதாவது வேகம் குறையக் குறைய நிஜ டயர் கீழ போகும், வேஷம் போட்ட ஷாஃப்ட் மேல போகும். அறுபது மைல் ஃபைலைத் திறந்தேன். பதினொண்ணுல ஒரு முகடு, பதினெட்டரையில இன்னொண்ணு. அம்பத்தஞ்சு மைல் ஃபைல்ல பத்துல ஒண்ணு, இருபத்தஞ்சுல ஒண்ணு. எழுபது மைல்ல இந்த வேஷக்காரன் அஞ்சுக்கு இறங்கியிருந்தான். கணக்கு அச்சு பிசகாம வந்து நின்னுச்சு.

அப்பாகிட்ட லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். "ரெண்டுதாம்ப்பா." அவர் அதைப் பாக்கக்கூட இல்லை. "அதான் சொன்னேம்லா"ன்னுட்டுக் காப்பியைக் குடிச்சார்.

மூணு கடையும் ஏன் தோத்தாங்கன்னு இப்பப் புரிஞ்சது. ரெண்டு கோளாறு ஒரே வேகத்துல உச்சத்துக்கு வருது. ஒண்ணை அரைகுறையா சரி பண்ணினாலும் இன்னொண்ணு ஆட்டிக்கிட்டே இருக்கும், "இது இல்ல போல"ன்னு முடிவு பண்ணி அடுத்ததுக்குப் போயிடுவாங்க. நம்ம தொழில்லயும் இருக்கறதுலயே கேடுகெட்ட பக் இதான்.

முதல்ல டயர். பின்பக்கத்தை ஜாக்கி வச்சுத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, முன்சக்கரத்துக்கு அடியில கட்டை வச்சாச்சு. அப்பா ஒரு செங்கல் மேல சாக்பீஸை நிறுத்தி டயருக்கு முன்னால மயிரிழை இடைவெளியில வச்சார். நான் சக்கரத்தை மெதுவாச் சுத்தினேன். வலது டயர் ஒரே சீரா ஓடுச்சு. இடது டயர் முக்கால் சுத்து வரைக்கும் சும்மா போயிட்டு, ஒரு இடத்துல சாக்பீஸை உரசித் தள்ளுச்சு. கையை வச்சுத் தடவினா அந்த இடத்துல மட்டும் ஒரு மேடு. அஞ்சு மில்லிமீட்டர் இருக்கும், ஒரு சாண் நீளம். நின்னபடி பாத்தா கண்ணுக்கே தெரியாது.

டயருக்குள்ள எஃகுக் கம்பி வலை ரெண்டு அடுக்கு இருக்கும். வயசானா, வெயில்ல காஞ்சா, அடுக்கும் ரப்பரும் ஒண்ணை ஒண்ணு விட்டுப் பிரிய ஆரம்பிக்கும். பிரிஞ்ச இடம் உப்பும். பேலன்சிங் மெஷின் எடை சமமா இருக்கான்னுதான் பாக்கும். மேட்டுக்கு எதிர்ப்பக்கம் ஈயக்கட்டி ஒட்டினா எடை சமமாயிடும், மெஷின் பூஜ்யம் காட்டும், ஆனா ரோட்டுல உருளும்போது மேடு மேடுதானே? இதுக்குன்னே டயர் மேல ஒரு உருளையை அழுத்திச் சுத்த விட்டுப் பாக்கற மெஷின் இருக்கு. ரோடு ஃபோர்ஸ்னு சொல்லுவாங்க. நான் போன முதல் கடையில அது இல்லை.

பிரியற டயர் எவ்வளவு ஆபத்துன்னு அமெரிக்காவுக்குத் தெரியாம இல்லை. 2000 ஆகஸ்ட்ல ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயரைத் திரும்பப் பெற்றது இதே காரணத்துக்காகத்தான். ஓடும்போதே மேல்பட்டை உரிஞ்சு, பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்டு, அரசாங்கக் கணக்குப்படி 270 பேருக்கு மேல போயிட்டாங்க. அதுல டெக்சாஸ் மாதிரி சூடான மாநிலங்கள்லதான் அதிகம் நடந்தது. கோடை, வேகம், பாரம் மூணும் சேரணும். மே கடைசி, எண்பது மைல், வீட்டுச் சாமான். அந்த எல் பாசோ பயணத்துல மூணும் இருந்தது.

டயர் பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிச்சு ஒரு நீள எண் இருக்கும். 2000க்கு அப்புறம் வந்த டயர்னா கடைசி நாலு இலக்கம், வாரமும் வருஷமும். என்னோடதுல 3113. அதாவது 2013ஆம் வருஷம் 31ஆவது வாரம். பத்து வருஷம் ஆகப் போகுது. பட்டையில ஆழம் நல்லா இருந்துச்சு, அதனால யாரும் சந்தேகப்படலை. நிறைய கார் கம்பெனிகள் ஆறு வருஷத்துலயே மாத்தச் சொல்றாங்க, டயர் கம்பெனிகளே பத்து வருஷத்துக்கு மேல ஆழம் இருந்தாலும் ஓட்டாதீங்கன்னு சொல்றாங்க. ஆனா 2023ல இந்த வண்டி டெக்சாஸ் ஆண்டுச் சோதனையில பாஸ். அங்க ஆழம் 2/32 அங்குலம் இருக்கான்னு அளப்பாங்க, வயசைப் பார்க்க மாட்டாங்க. (2025 ஜனவரியில இருந்து தனியார் வண்டிகளுக்கு அந்தச் சோதனையும் கிடையாது. பெரிய ஊர் இருக்கற சில கவுண்டிகள்ல புகைச் சோதனை மட்டும் மிச்சம்.) நீங்க பழைய வண்டி வாங்குற ஆளா இருந்தா, தயவுசெஞ்சு குனிஞ்சு அந்த நாலு எண்ணைப் பாருங்க. நாலு டயர்லயும் தனித்தனியா பாருங்க. அந்த எண் டயரோட ஒரு பக்கத்துல மட்டும் இருக்கலாம், உள்பக்கமா இருந்தா வண்டிக்கு அடியில தலையை விடணும்.

அடுத்து ஷாஃப்ட். நீள வண்டிங்கறதால ஷாஃப்ட் ரெண்டு துண்டு, நடுவுல தாங்கிப் பிடிக்க ஒரு சென்டர் பேரிங். அப்பா அட்டைப்பெட்டியைப் பிரிச்சுத் தரையில போட்டு அதுமேல மல்லாக்கப் படுத்து உள்ள நகர்ந்தார். அறுபத்து மூணு வயசு. "வேண்டாம்ப்பா, நான் பாக்கறேன்"னா கேக்கற ஆளா? டார்ச் அடிச்சு ரெண்டு நிமிஷம் பாத்தார். கிராஸை ஒவ்வொண்ணா கையால பிடிச்சு முறுக்கிப் பாத்தார். எதுலயும் ஆட்டம் இல்லை. பேரிங்கும் புதுசு.

"யாரோ கழட்டி மாட்டிருக்கான்"னார். "இங்கன வா, இந்தக் காதைப் பாரு, அந்தக் காதைப் பாரு."

கிராஸைப் பிடிச்சிருக்கற கவைக்குக் காதுன்னு பேரு. பின் துண்டோட ரெண்டு முனையிலயும் இருக்கற காதுகள் ஒரே நேர்ல இருக்கணும். இங்க ஒண்ணு பன்னெண்டு மணியைப் பாத்தா, இன்னொண்ணு ஒண்ணரை மணியைப் பாத்துச்சு.

இது ஏன் முக்கியம்னா, கிராஸ் ஜாயிண்ட் ஒரு பிறவிக்குறை உள்ள சாமான். கோணத்துல சுத்தும்போது உள்ள வர்ற வேகம் சீரா இருந்தாலும் வெளிய போற வேகம் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை கூடிக் குறையும். பதினேழாம் நூற்றாண்டுலயே ராபர்ட் ஹூக் (ஸ்பிரிங் விதி ஹூக்தான்) இதைக் கவனிச்சு எழுதியிருக்கார். இதுக்கு மருந்து, ரெண்டாவதா ஒரு கிராஸ். ரெண்டும் நேர்ல இருந்து கோணமும் சமமா இருந்தா முதல்ல கூடினதை ரெண்டாவது குறைச்சுடும், கணக்கு நேராயிடும். நேர்ல இல்லைன்னா அடிபடாம மிச்சம் நிக்கும். அந்த மிச்சம்தான் அப்பா காலடியில ஊருன எறும்பு.

முன்னாடி வண்டி வச்சிருந்தவர் டேஷ்போர்டு பெட்டியில பழைய பில்லெல்லாம் விட்டுட்டுப் போயிருந்தார். தேடினா, 2019 டிசம்பர், சென்டர் பேரிங் மாத்தினது, 310 டாலர். பேரிங் மாத்தணும்னா ஷாஃப்ட்டோட ரெண்டு துண்டையும் ஸ்ப்ளைன்ல இருந்து உருவணும். உருவறதுக்கு முன்னாடி ரெண்டு துண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கணும். சில வண்டியில தப்பா மாட்டவே முடியாதபடி ஒரு பல்லை மட்டும் அகலமா வச்சிருப்பாங்க. இதுல அது இல்லை. பதினாறு பல்லு, ஒண்ணு தள்ளினா 22.5 டிகிரி. இவங்க ரெண்டு பல்லு தள்ளி மாட்டியிருந்தாங்க.

"டெப்போல இப்படி மாட்டி அனுப்புனா டிரைவர் திருப்பி விட்டுருவான்"னார் அப்பா. "பழுது நோட்டுல எழுதிட்டு வண்டிய எடுக்க மாட்டோம்லா."

பின் ஆக்சில் பக்கம் நாலு போல்ட். துருப்பிடிச்சுக் கிடந்ததுல எண்ணெய் விட்டு ராத்திரி பூரா ஊற வச்சு, மறுநாள் காலையில கழட்டினோம். உருவி, ரெண்டு பல்லு திருப்பி, கிரீஸ் தடவி மாட்ட இருபது நிமிஷம். செலவு பூஜ்யம். நாலு டயர் ரோடு ஃபோர்ஸ் மெஷின் உள்ள கடையில 760 டாலர். பேலன்சிங் முடிஞ்சதும், ஒரு சக்கரத்தைக் கழட்டி அரைச்சுத்து திருப்பி மறுபடி மெஷின்ல மாட்டிக் காட்டச் சொன்னேன். அப்பவும் பூஜ்யம் காட்டினாத்தான் சக்கரம் நடு மையத்துல உக்காந்திருக்குன்னு அர்த்தம். அந்தப் பையன் ஒரு மாதிரி பாத்தான், ஆனா செஞ்சு காட்டினான். பூஜ்யம் வந்துச்சு.

திரும்ப 130 நெடுஞ்சாலை. அறுபத்தஞ்சு, எழுபது, எழுபத்தஞ்சு, எண்பது. அம்மாவும் வந்தாங்க, பின் சீட்ல தூங்கிட்டாங்க. அப்பா செருப்பைக் கழட்டிட்டு உக்காந்தவர், எழுபது தாண்டினதும் குனிஞ்சு செருப்பை எடுத்து மாட்டிக்கிட்டார். ஃபோன்ல பாத்தா 12 ஹெர்ட்ஸ் முகடு முன்ன இருந்ததுல பத்துல ஒரு பங்கு. வேஷக்காரன் ஆளே இல்லை.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நான் சாமான்களை எடுத்து வைக்கும்போது அப்பா மறுபடி வண்டிக்கு அடியில. "ஏல, இங்க ஒண்ணு தொங்குது பாத்தியா?" ஸ்டெப்னி. வண்டி வாங்கினதுல இருந்து அதை யாருமே இறக்கலை போல. எண் 0907. வண்டியோட வயசு, பதினாறு வருஷம். பாலைவனத்துக்கு நடுவுல பஞ்சர் ஆகி அதை மாட்டினா என்னாகும்னு யோசிச்சுட்டு மறுபடி அதே கடைக்குப் போனேன், இன்னொரு 180 டாலர். தங்கமணி கணக்கு நோட்டை எடுத்துக் கூட்டினாங்க. முந்தின கடைகள் நூறும் 640ம், இப்ப 760ம் 180ம், ஆக 1680. "6500க்கு விக்கிற வண்டிக்கு!"ன்னாங்க. ஆனா விலையை ஏத்துங்கன்னு அவங்களும் சொல்லலை.

மே இருபதாம் தேதி அந்தத் தம்பதி வந்தாங்க. பழைய இடது டயரைக் கடையில இருந்து கேட்டு வாங்கி வச்சிருந்தேன், மேட்டைத் தொட்டுப் பாக்கச் சொன்னேன். அந்தப் பொண்ணு தொட்டுட்டு ஒண்ணும் பேசலை, குழந்தையை இன்னொரு தோளுக்கு மாத்திக்கிட்டாங்க. அவர் இந்தத் தடவை என்னையும் கூட்டிக்கிட்டு ஐ-35ல ஜார்ஜ்டவுன் வரைக்கும் ஓட்டிப் பாத்தார். வந்து வண்டிக்கு அடியிலயும் குனிஞ்சு டார்ச் அடிச்சார்.

"ஷாஃப்ட்ல இது என்ன, வெள்ளைப் பெயிண்ட்ல கோடு?"ன்னு கேட்டார்.

அப்பா போட்டது. ரெண்டு துண்டுக்கும் சேர்த்து, அடுத்து கழட்டுறவன் பாத்து மாட்டட்டும்னு. அதைச் சொன்னேன். அவர் ஃபோனை எடுத்து அந்தக் கோட்டை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு, பணத்தை எண்ண ஆரம்பிச்சார்.